காகமற்ற வளாகம்

கரையோர மிதவைக் கழகத்தில் பிரச்சனை என்று எதுவும் இல்லை. கார்குழலி அங்கே பட்ட பாடெல்லாம் இதிலிருந்துதான் தொடங்கியது.

எண்ணூரை ஒட்டிய கத்திவாக்கம் ரயில் நிலையத்தில் இறங்கி, கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குள் புகுந்து கடல் பக்கமாக நடந்தால் கழகத்தின் வாசல் வரும். துறைமுகங்களுக்கு மிதவைகள் செய்துகொடுக்கும் பொதுத்துறை நிறுவனம் அது. கப்பல்களுக்கு வழி காட்டுவதற்காகக் கடலில் விடுகிற இரும்பு மிதவைகள். ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக வண்ணம் அடித்து யார்டில் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். வாங்க வருகிறவர்கள் குறைவு. அதனால் யார்டில் எப்போதும் நிறைய மிதவைகள் இருந்தன. அலுவலகத்தில் ஏறக்குறைய அதே அளவுக்கு அதிகாரிகள் இருந்தார்கள்.

டெல்லித் தலைமையகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. மார்ச் முடிவதற்குள் ஒவ்வொரு கிளையும் தன் பிரச்சனைகளில் ஒன்றையாவது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தீர்த்திருக்க வேண்டும். இதற்காகக் கிளை நிர்வாகம் கிண்டியில் உள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தியது. அந்த நிறுவனம் கார்குழலியை அனுப்பியது. 'தரவு உத்தி மற்றும் செயற்கை நுண்ணறிவு ஆலோசகர்' என்று அவளுடைய அட்டையில் போட்டிருந்தது. வியாசர்பாடி குடியிருப்பில் யாராவது கேட்டால் அவளுடைய அப்பா பீம்ராவ், "கம்ப்யூட்டருக்குப் புத்தி சொல்ற வேல" என்று முடித்துக்கொள்வார்.

அதுவரை அவள் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் சிறுசேரிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். கிளம்பும்போதும் மகள் ஷாலு தூங்கிக்கொண்டிருப்பாள், திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். இப்போது கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறினால் போதும். ஷாலுவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் கிடைத்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே திட்டம் நீடிக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள்.

"குழலி, இந்த மாசத்துக்குள்ள அவங்ககிட்ட ஒரு பிரச்சனையைக் கண்டுபிடிச்சிரு" என்றார் அவளுடைய மேலாளர் டென்னிஸ், போனில். "இல்லேன்னா ப்ராஜெக்ட்டை மூடிருவாங்க. அப்புறம் உன்னைப் புனேக்குப் போடறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

ஒரு தொழிற்சாலையில் ஒரு பிரச்சனையைக் கண்டுபிடிப்பதா கஷ்டம் என்று கார்குழலி நினைத்தாள்.

முதலில் உற்பத்திப் பிரிவுக்குப் போனாள். அதன் மேலாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பிரச்சனையா? என் செக்ஷன்லயா? யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். ஏதாவது இருந்தா ஏஐ வச்சு..."

"எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு மேடம். ஸ்டோர்ஸ்ல கேட்டுப் பாருங்க."

ஸ்டோர்ஸ் அதிகாரி நேர்மையானவர். "ஒண்ணு இருக்கு" என்றார். "ஆனா அது போன மேனேஜர் காலத்துது. அவர் இப்ப டெல்லியில எங்க எல்லாருக்கும் மேல உட்கார்ந்திருக்கார். அதனால அதை இப்ப சாதனைப் பட்டியல்ல சேர்த்துட்டோம்."

மனிதவளப் பிரிவில் ஒரு புகார்ப் பெட்டியைக் காட்டினார்கள். பூட்டியிருந்தது. சாவி தொலைந்து பல காலம் ஆகிவிட்டதால் அதிலிருந்து இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை என்று அந்தப் பிரிவின் அதிகாரி பெருமையோடு சொன்னார். பெட்டியின் வாயில் சொருகி நின்ற காகிதங்களைப் பற்றிக் கேட்டதற்கு, "அது இன்னும் உள்ள போகலியே" என்றார்.

பாதுகாப்பு அதிகாரி வேதமாணிக்கம் தெற்கே நாசரேத் பக்கத்துக்காரர். தணிந்த குரல். அவர் அறைக்கு வெளியே 'விபத்தில்லா நாட்கள்' என்ற பலகை மாட்டியிருந்தது. அவரோடு கார்குழலி பேசிக்கொண்டிருந்தபோது கையில் முழங்கை வரை கட்டுப் போட்ட ஒருவர் ஜன்னலைக் கடந்து போனார். அவள் பார்ப்பதை வேதமாணிக்கமும் பார்த்தார்.

"அது விபத்து இல்லம்மா. கவனச்சிதறல்" என்றார். "விபத்து மட்டும்தான் நம்ம கணக்கு. கவனச்சிதறல் மனிதவளத்துக்குப் போயிரும். அவுக அதைப் பெட்டியில போடச் சொல்லுவாக."

மாதக் கடைசி நெருங்கியது. நிலைமையின் தீவிரத்தை உணர்ந்த பொது மேலாளர் செங்குட்டுவன், 'பிரச்சனை கண்டறியும் குழு' ஒன்றை அமைத்தார். குழு பலமுறை கூடியது. ஒவ்வொரு பிரிவும் பக்கத்துப் பிரிவில் பிரச்சனை இருப்பதாகச் சொல்ல, பக்கத்துப் பிரிவு அதை வன்மையாக மறுக்க, எல்லா மறுப்புகளையும் ஏற்று, பிரச்சனை ஏதுமில்லை என்று குழு ஒருமனதாக அறிக்கை கொடுத்தது. அடுத்து, மேற்குக் கடற்கரையில் உள்ள சகோதரக் கிளைக்கு ஒரு கடிதம் போயிற்று: தங்களிடம் உள்ள பிரச்சனைகளில் மிதமான ஒன்றை ஆறு மாதத்துக்கு டெபுடேஷனில் அனுப்பி உதவ முடியுமா? சகோதரக் கிளை புண்பட்டுப்போய் பதில் எழுதியது. தங்களிடமும் கிடையாது, எண்ணூரில் உபரியாக இருந்தால் தங்களுக்கு ஒன்று வேண்டும்.

கார்குழலி புனேயில் வாடகை எவ்வளவு என்று போனில் தேட ஆரம்பித்திருந்த வாரத்தில்தான் டெல்லியிலிருந்து தலைமை இயக்குநர் ஆய்வுக்கு வந்தார். யார்டில், புதிதாகப் பெயின்ட் அடித்த ஒரு மஞ்சள் மிதவைக்குக் கீழே நின்று செங்குட்டுவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மிதவையின் உச்சியில் உட்கார்ந்திருந்த காகம் இயக்குநரின் தோளில் எச்சமிட்டது. யாரும் அசையவில்லை. அதைத் துடைப்பது எந்தப் பிரிவின் பொறுப்பு என்பது தெளிவாக இல்லை. கடைசியில் இயக்குநரே தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலையே அவசரக் கூட்டம் நடந்தது. செங்குட்டுவனின் முகத்தில் வெகுநாளாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

"நண்பர்களே, நமக்கு ஒரு பிரச்சனை கிடைத்திருக்கிறது" என்று தொடங்கினார். மேடையில் எழுத்துத் தமிழில் பேசுவது அவர் வழக்கம். "காகம் எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லை. காகம் யாருக்குக் கீழும் பணிபுரியவில்லை. காகம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதால் நம்மில் ஒருவருடைய பதவி உயர்வும் பாதிக்கப்படாது. முப்பது ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன், இப்படி ஒரு பிரச்சனை மறுபடி அமையாது."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கார்குழலியும் தட்டினாள். புள்ளியியலில் முதுகலைப் பட்டம் வாங்கியது காக்காய்க்காகவா என்று ஒரு கணம் தோன்றியது. ஷாலுவின் அரைப்பரீட்சை ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்சம் சத்தமாகத் தட்டினாள்.

திட்டத்துக்கு 'காகமற்ற வளாகம்' என்று பெயர் வைத்தார்கள். யார்டைச் சுற்றிக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. மென்பொருளுக்குக் காகத்தை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்க ஆயிரக்கணக்கான படங்கள் வேண்டியிருந்தன. கார்குழலி வெயிலில் நின்று காகங்களைப் படம் பிடித்தாள். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்திலும் காகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டாள். ஷாலுவும் சில கட்டங்கள் போட்டுக் கொடுத்தாள்.

முகத்துவாரத்திலிருந்து நீர்க்காகங்களும் வந்து மிதவைகளில் சிறகை விரித்து உலர்த்துவதுண்டு. அவற்றைச் சேர்ப்பதா என்று அவள் கேட்ட கேள்வி ஒரு மாதம் கோப்பில் சுற்றியது. 'பெயரளவில் காகமே, பெயரை மாற்ற இக்கழகத்துக்கு அதிகாரமில்லை' என்று பதில் வந்தது. அமாவாசையன்று காகத்தை விரட்டக் கூடாது, அன்று அவர்கள் மூதாதையர் என்று தொழிற்சங்கம் ஒரு மனு கொடுத்தது. நிர்வாகம் பணிந்து, அமாவாசைகளில் வரும் காகங்களை 'விருந்தினர்' என்ற தனித் தலைப்பில் பதிவு செய்ய உத்தரவிட்டது.

சேமிப்பு இடம் குறைவாக இருந்ததால், காகம் தெரியும் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை உடனுக்குடன் அழித்துவிடலாம் என்று கார்குழலி தன் உத்தி அறிக்கையில் எழுதினாள். அழிக்கப்படும் படங்களுக்கு 'காகம் அல்ல' என்று பெயர். அறிக்கையில் குழு ஒரு திருத்தமும் சொல்லாமல் ஏற்றது அந்தப் பத்தியை மட்டும்தான்.

காகத்தைக் கண்டுபிடித்தால் போதுமா, விரட்ட வேண்டாமா? ஒலி எழுப்பி விரட்டும் கருவிக்கு டெண்டர் விட்டார்கள். யாரும் எடுக்கவில்லை. ஆனால் 'தானியங்கி விரட்டும் அமைப்பு' என்று டெல்லிக்கு எழுதியாகிவிட்டது. எனவே பெயின்ட் கிடங்கில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த வேலப்பனை அழைத்து, கையில் ஒரு மூங்கில் கழியும் ஒரு போனும் கொடுத்தார்கள். மென்பொருள் எங்காவது காகத்தைக் கண்டால் போன் அலறும். எந்த மிதவை என்று திரையில் வரும். வேலப்பன் ஓடிப்போய் விரட்ட வேண்டும். கருவிக்காக ஒதுக்கிய தலைப்பிலிருந்து அவருக்குச் சம்பளம் கொடுப்பதால், தொழிலாளர் வருகைப் பதிவிலிருந்து அவரை எடுத்துவிட்டுக் கருவிகளின் பட்டியலில் சேர்த்தார்கள். 'தா.வி.அ. - 1' என்பது அவருடைய எண்.

வேலப்பன் ஐம்பதைத் தாண்டியவர். ஒரு மதியம் கார்குழலி அவரை யார்டின் நடுவில் பார்த்தாள். கழியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஏம் மேடம், இந்த போன்ல கீறவன் கொஞ்சம் நிதானமா கூப்ட மாட்டானா? ஒரு காக்காவ தொரத்திகினு போனா அது எதுத்தாப்ல குந்திகினு என்னியே பாக்குது. உடனே திரும்பி அடிக்கறான்."

"நா செட்டிங்ஸ்ல கொஞ்சம் கொறச்சு வெக்கிறேண்ணா" என்றாள் கார்குழலி. வாய் தவறி ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

வேலப்பன் அவளை உற்றுப் பார்த்தார். "நீ எந்த ஏரியா?"

"வியாசர்பாடி."

"அட, சொல்லவே இல்ல! நா கூட டெல்லிலேந்து வந்துகீற பொண்ணுன்னு சொம்மா தமிழ பாத்துப் பாத்துப் பேசிகினு கீறேன்." அவர் சிரிப்பதற்குள் போன் அலறியது. "பச்சை மிதவ, ரெண்டாவது வரிசை. இரு, வர்றேன்" என்று கழியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அவள் அமைப்பை மாற்றினாள். காகம் சிறிது நேரம் உட்கார்ந்தால்தான் போன் அடிக்கும்படி வைத்தாள். மறுநாளே செங்குட்டுவன் கூப்பிட்டார். விரட்டல் எண்ணிக்கை குறைந்திருப்பதால் அமைப்பு சோம்பேறியாகிவிட்டது போலத் தெரிகிறது என்றார். அவள் பழையபடி மாற்றி வைத்தாள். அன்றைக்கு யார்டுப் பக்கம் போகவில்லை.

மார்ச் கடைசியில் திறப்பு விழா. தலைமை இயக்குநர் மறுபடி வந்தார், இந்த முறை தொப்பியோடு. கட்டுப்பாட்டு அறையில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய திரை. யார்டின் காட்சிகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. எந்தக் கட்டத்தில் காகம் தெரிந்தாலும் அதன் ஓரம் சிவப்பாகும். இல்லாவிட்டால் பச்சை. காலையில் பாதிக் கட்டங்கள் சிவப்பாகத்தான் இருந்தன. செங்குட்டுவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இயக்குநர் குத்துவிளக்கு ஏற்றி உட்கார்ந்த பிறகு, கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. காகங்கள் கூட்டமாக எழுந்து பறந்து போவது தெரிந்தது. கடைசிக் கட்டமும் பச்சையானதும் திரையின் மேல், 'காகமற்ற நிலை: நூறு சதவீதம்' என்று எழுத்துகள் வந்தன. திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு எண் வந்ததே இல்லை. அறை முழுக்கக் கைதட்டல். இயக்குநர் தொப்பியைக் கழற்றினார்.

செங்குட்டுவன் மைக்கைப் பிடித்தார். "இயற்கை இன்று தொழில்நுட்பத்தின் முன் தலை வணங்கியிருக்கிறது. இந்தத் திரையில் தெரிவதை நம்புங்கள். திரையில் தெரியாதது இந்த வளாகத்தில் இல்லை என்று என்னால் உறுதி கூற முடியும்."

கார்குழலிக்கும் ஆச்சரியம்தான். தன் மென்பொருளைப் பற்றி அவளுக்குத் தெரியும். அதற்கு நூறு வாங்கும் யோக்கியதை கிடையாது. காகங்கள் ஏன் போயின என்று திரையைக் கூர்ந்து பார்த்தாள். பெயின்ட் கிடங்கு தெரிகிற கட்டம் கொஞ்சம் வெளுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் வெளுத்தது. அதன் ஓரம் நல்ல பச்சையாக இருந்தது.

"சார், அது புகை" என்றாள் பக்கத்திலிருந்த வேதமாணிக்கத்திடம்.

"கடல் மூட்டமா இருக்கும்மா. பேச்சு முடியட்டும்."

மதிய வெயிலில் என்ன மூட்டம்? அவள் எழுந்து ஓடினாள். படியில் செருப்பு ஒன்று கழன்றது. யார்டில் கால் வைத்ததும் தின்னர் எரியும் நெடி மூக்கில் ஏறியது. கிடங்குக்கு வெளியே இரண்டு வெல்டர்கள் மணல் வாளியோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள ஆள் கீது மேடம்! காலையிலேந்து ஓடிகினு இருந்தாரு. போனு அடிக்கலன்னு சொல்லிகினு இப்பதான் உள்ள படுக்கப் போனாரு, பின்பக்கம் பொகையறது தெரியாம!"

அவள் துப்பட்டாவை வாயில் கட்டிக்கொண்டு கதவை இழுத்துப் பிடித்தாள். வெல்டர்கள் இருவரும் தவழ்ந்து போய் வேலப்பனைக் காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். உதடுகள் கறுத்திருந்தன. மூச்சு விட்டு விட்டு வந்தது. அவர் சட்டைப் பையில் போன் சும்மா இருந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து மறுபடி கைதட்டல் கேட்டது.

தீயை மணலும் தண்ணீருமாகப் போட்டு அணைத்தார்கள். கிடங்கின் ஒரு பக்கம் கரியாகிவிட்டது. வேலப்பனை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு நாள் கழித்து கார்குழலிக்கு விசாரணைக் குழுவிடமிருந்து அழைப்பு வந்தது. குழுவின் தலைவர் வேதமாணிக்கம். செங்குட்டுவன் பார்வையாளராகப் பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

"நீங்க திரையில என்ன பாத்தீக?"

"புகை சார்."

"புகை உங்க ஒப்பந்த வரம்புக்குள்ள வருதா?"

"இல்ல."

"வரம்புக்குள்ள வாறது என்ன?"

"காகம்."

"காகம் இருந்துச்சா?"

"இல்ல சார்."

"அப்போ நீங்க பாக்க வேண்டியது எதையும் பாக்கல" என்று வேதமாணிக்கம் எழுதிக்கொண்டார்.

பதிவான காட்சிகளைக் கேட்டார்கள். இல்லை. காகம் இல்லாத படங்களையெல்லாம் மென்பொருள் அவள் எழுதிக்கொடுத்தபடியே அழித்திருந்தது. வெல்டர்கள் சொன்னதைப் பதிந்தீர்களா என்று அவள் கேட்டாள். ஒப்பந்தத் தொழிலாளிகள் சொல்வது கருத்து என்றும், சாட்சியம் ஆகாது என்றும் செங்குட்டுவன் விளக்கினார்.

"உள்ள ஒரு ஆள் இருந்தாரே சார். ஆஸ்பத்திரியில கிடக்கிறாரே."

செங்குட்டுவன் கோப்பைப் புரட்டினார். "அன்றைய வருகைப் பதிவின்படி கிடங்கில் ஆள் யாரும் இல்லை. தா.வி.அ. ஒன்று என்ற கருவி இருந்திருக்கிறது. கருவிக்கு மூச்சுத் திணறல் வருவதற்கு வாய்ப்பில்லை அல்லவா? பழுது என்று வேண்டுமானால் எழுதலாம்." அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே ஒரு வழி கண்டுபிடித்துத் தந்த திருப்தி அவர் குரலில் இருந்தது.

தட்டச்சு செய்த வாக்குமூலத்தை அவள் முன் வைத்தார்கள். 'அன்று திரையில் காகம் அல்லாத ஒன்றைக் கண்டேன்' என்று இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

"புகைன்னு போட்டா தீ வந்துரும்" என்றார் வேதமாணிக்கம் மெதுவாக. "தீ வந்தா விபத்து. விபத்துன்னா தொழிற்சாலை ஆய்வாளர் வருவாரு. பலகையில உள்ள நம்பரை அழிக்கணும். நான் இங்க வந்தப்ப மாட்டுன பலகைம்மா அது."

"நான் இதுல போடலேன்னா அவருக்கு இன்சூரன்ஸ்ல நஷ்ட ஈடு கிடைக்காதே சார்."

மேசை மேல் இருந்த அவள் போனில் டென்னிஸின் செய்தி வந்து நின்றது: 'க்ளையன்ட் சொல்றதுல கையெழுத்துப் போட்டுட்டு வா. இன்னும் ஏழு கிளைக்கு ஆர்டர் வரப்போகுது.'

ஷாலுவின் பள்ளியும், கொருக்குப்பேட்டை ரயிலும், அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதும் அவளுக்கு மனதில் ஓடின. பெரிய கோபம் எதுவும் வரவில்லை. அலுப்புதான் இருந்தது. அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பேனாவால் எழுதினாள்: 'பெயின்ட் கிடங்கில் தீப்பிடித்துப் புகை வந்ததை நான் பார்த்தேன். உள்ளே வேலப்பன் என்கிற மனிதர் இருந்தார். அவர் கருவி அல்ல.' கையெழுத்துப் போட்டாள். போனில் அதைப் படம் எடுத்து அங்கேயே உட்கார்ந்து தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள்.

செங்குட்டுவன் கோப்பை மூடிவிட்டு எழுந்து போனார். வேதமாணிக்கம் தாளை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"தேதி போட மறந்துட்டீகம்மா" என்று தாளை அவள் பக்கம் தள்ளினார். "தேதி இல்லேன்னா தள்ளிருவாக. போட்டு, இன்னொரு படம் எடுத்து அனுப்பிருங்க."

வாசலைத் தாண்டுவதற்குள் டென்னிஸ் கூப்பிட்டார். கோபப்படவில்லை, அவரும் களைத்துப்போயிருந்தார். கழகத்துக்குத் திட்டம் மிகவும் பிடித்திருக்கிறது, ஏழு கிளைகளுக்கும் கொண்டுபோகிறார்கள், அவளை மட்டும் பிடிக்கவில்லை என்றார். அடுத்த திங்களிலிருந்து புனே.

கார்குழலி நேராக ஸ்டான்லிக்குப் போனாள். வேலப்பன் முகமூடி வழியாக மூச்சு விட்டபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி குப்பம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ்காரங்க யாரும் எட்டிப் பார்க்கவில்லை, இன்சூரன்ஸ் ஆள் வந்து கம்பெனி பேப்பர் கேட்டுவிட்டுப் போனார் என்றாள்.

"பேப்பர் வந்துரும்க்கா" என்றாள் கார்குழலி. "ஆய்வாளர் வந்து பாப்பாரு. நான் எழுதிக் குட்த்துட்டேன்."

"இன்னா எய்தின?"

"தீப்பிடிச்சுதுன்னு. அப்பால..." சொல்வதற்கு அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "இவரு மெஷினு இல்ல, மனுசன்னு."

குப்பம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த ஆளு மனுசன்னு நீ எய்திக் குடுக்கணுமா? நா இத்தினி வருஷமா கட்டிகினு மாரடிக்கறேனே, என்னிய ஒரு வார்த்த கேட்டா சொல்லிருக்க மாட்டேன்?"

கார்குழலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது, அதை நிறுத்த முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாத்துக்கு இப்ப அழுவுற? அவரு நல்லாத்தான் கீறாரு" என்று அதட்டிய குப்பம்மா, பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து டீயை ஊற்றி அவள் கையில் கொடுத்தாள். "குடி மொதல்ல. குந்து இப்பிடி."

அவள் ஒதுங்கிக் கொடுத்த இடத்தில் கார்குழலி உட்கார்ந்தாள். டீயில் சர்க்கரை அதிகமாக இருந்தது. முழுவதையும் குடித்தாள்.